வீடும் உடைமையும்: ஓர் அறவியல் நோக்கு

பேராதனை வளாகத்தினூடே செல்லும் கலஹா வீதி நம் அனைவருக்கும் நன்கு அறிமுகமானது. விரிவுரை மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் விடுதிக்கும் செல்லும் வழியாகவே நம்மிற் பலர் அதனை அறிவர். ஆனால் அவ்வீதி வளாகத்தின் எல்லையோடு முடிந்துவிடுவதன்று. ஹிந்தகலையைக் கடந்து, கலஹாவைக் கடந்து, தேயிலை மலைகளைச் சுற்றி வளைந்தேறித் தெல்தோட்டையை அடைகிறது. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூவினத்தாரும் அடுத்தடுத்து வாழும் சிறு பட்டினம் அது. அதற்கு அண்மையிலுள்ளது லூல்கந்துரத் தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டு, இந்நாட்டின் வர்த்தகத் தேயிலைச் செய்கைக்கு வித்திட்ட இடம் அதுவே.

மேலே ஏறும் வீதி கீழேயும் இறங்குகிறது. தெல்தோட்டையைச் சூழ்ந்த தோட்டங்களிற் பிறந்த இளைஞர்கள் பல பத்தாண்டுகளாக அவ்வழியே இறங்கிக் கொழும்புக்குச் செல்கின்றனர். முதலிற் கடைச் சிப்பந்திகளாகவும் வீட்டுப் பணியாளராகவும் சென்றனர்; பின்னர் தையற்சாலைத் தொழிலாளராகச் சென்றனர்; இன்று ஆசிரியராகவும் கணக்காளராகவும் எழுதுவினைஞராகவும் செல்வோரும் உளர். அவர்களுள் வசதி பெற்றோரின் பெருங்கனவு ஒன்றுண்டு. கடலோரப் புறநகர்களாகிய வத்தளையிலோ, ஹெந்தளையிலோ, தெகிவளையிலோ சில பேர்ச் காணி வாங்கி, அதிற் சொந்த வீடொன்றைக் கட்டி, தாய் தந்தையரைத் தோட்டத்திலிருந்து அழைத்து வந்துவிட வேண்டும் என்பதே அது.

இக்கனவு இயல்பானது, எவரும் குறை கூறத்தக்கதன்று. எனினும் இயல்பான ஆசையொன்றினுள்ளும் ஓர் அறவியல் வினா மறைந்திருத்தல் கூடும். ‘இது என் வீடு’ என்று கூறுவதற்கு ஒருவனுக்கு உரிமை தருவது எது? அவன் அங்கு வாழ்ந்த காலமா, அந்நிலத்தில் இட்ட உழைப்பா, கொடுத்த பணமா? பணங்கொடுத்து அவ்வுரிமையைப் பெற்றவன், பணமின்மையால் அதனைப் பெறாதவருக்கு ஏதேனும் கடமைப்பட்டவனா? இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீடு என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘விடு’ என்னும் முதனிலை நீண்டு ‘வீடு’ எனத் தொழிற்பெயராயிற்று என்பர் இலக்கணிகள். உறைவிடத்துக்கும் விடுதலைக்கும் தமிழ் மரபு ஒரே சொல்லை வழங்குகின்றது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் உறுதிப்பொருள் நான்கனுள் இறுதியாக நிற்பதும் இச்சொல்லே. இலங்கைத் தமிழிற் காணிப் பத்திரத்தையும் ‘உறுதி’ என்றே கூறுகிறோம். மெய்யியலார் கருதிய வீடு பற்றுகளை விட்டு நீங்குதல். காணிப் பதிவகத்தின் வீடோ பற்றுகளுள் மிக வலியது. ஆயினும் மலையகத் தமிழரின் வாழ்வை நோக்குமிடத்து இவ்விரு பொருளும் அத்துணைத் தொலைவானவையல்ல என்பது புலனாகும். அவர்களுக்குச் சொந்த வீடு என்பது முதலில் ஒருவகை விடுதலையே.

எனக்கு நன்கு தெரிந்த ஆசிரியர் ஒருவர் தெல்தோட்டைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் எட்டுப் பேருடன் வளர்ந்து, மண்ணெண்ணெய் விளக்கிற் படித்துப் பட்டம் பெற்றவர். கொழும்பில் வாடகை அறைகளிற் பதினைந்து ஆண்டுகள் கழித்த பின், வங்கிக் கடனெடுத்து வத்தளையில் எட்டுப் பேர்ச் காணியும் அதிலொரு சிறு வீடும் வாங்கினார். புதுமனை புகுந்த நாளில், “இனி யாரும் நம்மள எழும்பச் சொல்ல முடியாது” என்று அவர் கூறினார். வீட்டைச் சுற்றிப் பார்த்த அவருடைய தாயார், “இந்த வீட்டுக்குத் தொர யாருப்பா?” என்று கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர். மகனும் சிரித்துக்கொண்டே, “இருபது வருசத்துக்கு பேங்க்தாம்மா” என்றார்.

அத்தாயாரின் வினா அறியாமையால் எழுந்ததன்று. கூரை ஒன்று இருப்பின் அதற்கு மேல் ஒரு துரை இருப்பார் என்பதே அவர் வாழ்வில் அறிந்த உண்மை. லயக் காம்பரா தொழிலோடு கட்டப்பட்டது. தோட்டத்திற் பெயர் பதிந்து வேலை செய்வோர் குடும்பத்தில் இருக்கும் வரையிலேயே அக்குடும்பத்தின் இருப்பு ஐயத்துக்கிடமற்றதாயிருக்கும். கூரை ஒழுகினாலும் துரையிடமே முறையிட வேண்டும். பின்புறத்தில் ஓர் அடுக்களையைக் கூட்டிக் கட்டுவதற்கும் அவரது இசைவு வேண்டும். வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் இன்மையாற் கடிதங்களும் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வந்து சேர்ந்தன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு முடிந்த பின்னர்க் கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் எத்தனையோ உண்டு.

இவ்வமைப்பு தொழிலாளியை மட்டுமே பிணித்தது எனவும் கூறவியலாது. டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தின் உரிமையாளரல்லர்; அதன் நிருவாகியே. 1852இல் இத்தீவுக்கு வந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அத்தோட்டத்திலேயே வாழ்ந்தவரை, 1892இற் பதவியிலிருந்து விலகுமாறு உரிமையாளர் பணித்தனர். அதே ஆண்டில், அத்தோட்டத்திலேயே அவர் இறந்தார். அவரது உடல் கண்டி மகியாவை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. துரையின் வீடும் பிறர் தந்த வீடாகவே இருந்தது. அவர் வாழ்ந்த குடிலின் எஞ்சிய புகைபோக்கியைச் சுற்றுலாப் பயணிகள் இன்றும் பார்த்துச் செல்கின்றனர். அத்தோட்டத்தைத் தம் உழைப்பால் உருவாக்கியோர் வாழ்ந்த காம்பராக்களைப் பார்க்க எவரும் வருவதில்லை. அவற்றிற் பலவற்றில் இன்னும் மக்கள் வாழ்கின்றனர்.

இனி, உரிமையின் அடிப்படைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக், 1689இல் வெளிவந்த தமது அரசியல் நூலில், தன் உழைப்பை நிலத்தோடு கலந்தவனுக்கே அந்நிலம் உரியதாகின்றது என வாதிட்டார். இக்கொள்கையை அப்படியே ஏற்பின், கலஹாவிலிருந்து தெல்தோட்டை வரையுள்ள மலைகள் யாருக்குரியன என்பதில் ஐயத்துக்கிடமில்லை. காடு வெட்டி, கல் பெயர்த்து, கான் வெட்டி, கன்று நட்டவர் யாரோ அவருக்கே அவை உரியனவாதல் வேண்டும். ஆனால் லொக்கே இதற்கொரு விலக்கினையும் வைத்திருந்தார். எசமானின் வேலையாள் வெட்டிய புல் எசமானுக்கே உரியதென்பது அவர் கருத்து. கூலி கொடுக்கப்பட்டவுடன் உழைப்பு உழைத்தவனுடையதாகாமல் விடுகின்றது. அப்படியாயின் அக்கொள்கை காப்பது உழைப்பவனையா, உழைப்பை விலைக்கு வாங்குபவனையா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

இரண்டாவது அடிப்படை நீண்டகால அனுபவம். டேவிட் ஹியூம் என்னும் மெய்யியலாளர், ஒரு பொருளை நெடுங்காலம் தடையின்றி அனுபவித்து வருதல் உடைமையை நிலைநாட்டும் விதிகளுள் ஒன்று எனக் கொண்டார். நமது நாட்டின் சட்டமும் இதனை ஏற்கின்றது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியொன்றைப் பத்தாண்டுகள் தொடர்ச்சியாகவும் தடையின்றியும், உரியவருக்கு எதிரான உரிமை பாராட்டியும் ஆண்டுவந்த ஒருவர் அக்காணிக்கு உரித்தாளராகலாம். வேலியை நகர்த்தி அயலவனின் நிலத்தில் அரைப் பேர்ச்சைச் சேர்த்துக்கொண்டவனுக்கும், காலம் கனிந்தால், இச்சட்டம் துணைநிற்கும்.

அங்ஙனமாயின் ஐந்து தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தவனுக்கு ஏன் துணைநிற்கவில்லை? விடை அச்சட்டத்திலேயே உள்ளது. வாடகை கொடுத்தோ, விளைச்சலிற் பங்கு கொடுத்தோ, சேவை செய்தோ இன்னொருவரின் உரிமையை ஒப்புக்கொண்டு வாழ்பவனின் ஆட்சி கணக்கிலெடுக்கப்படமாட்டாது. லயத்தில் வாழ்ந்தவன் தோட்டத்துக்குச் சேவை செய்தவன்; இசைவு பெற்றுக் குடியிருந்தவன். ஆகவே பத்தாண்டாயினும் நூற்றைம்பதாண்டாயினும் காலம் அவனுக்குச் சாதகமாக ஓடவில்லை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தத்தாலும் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னர் இன்னொரு தடையும் சேர்ந்துகொண்டது. அரச காணிக்கு எதிராக இத்தகைய ஆட்சியுரிமை கோரவியலாது. 1992இற் பல தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் நிலத்தின் உரிமை அரசிடமே இருந்தது.

இவ்விடத்திலேயே வினாவின் மையம் அமைந்துள்ளதென நான் கருதுகிறேன். மெய்யியலார் உரிமையின் ஊற்றெனப் போற்றிய உழைப்பு, இங்கு உரிமையின்மைக்குச் சான்றாகின்றது. அத்துமீறிப் புகுந்து ஆண்டவனுக்குச் சட்டத்தில் ஒரு வழியுண்டு. அழைத்துவரப்பட்டு, பணிந்து வாழ்ந்து, நாள்தோறும் பெரட்டுக்குச் சென்று உழைத்தவனுக்கு அவ்வழி இல்லை. சட்டவியலாளர் இதில் முரண்பாடு எதுவும் இல்லை என்பர். அவர்களது நோக்கில் அது சரியே. ஆயின் அறத்தின் நோக்கிற் பணிவுக்குத் தண்டனையும் மீறலுக்குப் பரிசும் கிடைக்கும் ஒரு விதியை நாம் ஐயமின்றி ஏற்றல் இயலுமா?

இதற்கு எதிராக வலிமையான தடையொன்று எழுப்பப்படலாம். அதனை ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. அம்மலைகள் தேயிலைக்கு முன்னரே அங்கிருந்தவை. கண்டிக் கிராமத்தவர் அவற்றிற் சேனை செய்தனர், விறகு கொணர்ந்தனர், மாடு மேய்த்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைக்குச் சான்று காட்டப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அக்காலத்தில் ஏக்கருக்கு ஐந்து சிலிங் என்னும் அளவிலும் நிலம் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. 1949இல் நியமிக்கப்பட்டு 1951இல் அறிக்கை சமர்ப்பித்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் முன் இக்குறைகள் யாவும் வந்தன. ‘நிலத்தை இழந்தவன் நானிருக்க, பின்னர் வந்தவனுக்கு எப்படி உரிமை?’ என்று கிராமத்தவன் கேட்பின் அவ்வினாவில் நியாயமுண்டு.

ஆனால் அவ்வினா யாரை நோக்கிக் கேட்கப்படுதல் வேண்டும் என்பதே கேள்வி. கிராமத்தவனிடமிருந்து நிலத்தைப் பெற்ற கையும், தொழிலாளிக்கு நிலத்தை மறுத்த கையும் ஒன்றே. ஒரே அநீதியின் இரு முகங்களாகிய இருவரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுமாறு விடப்பட்டனர். 1970களில் தோட்டக் காணிகள் பங்கிடப்பட்டபோது, அவற்றிலே வாழ்ந்த தொழிலாளர் பலர் பங்காளராகக் கருதப்படாமல் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறான காணிச் சுவீகரிப்பை எதிர்த்த போராட்டத்தின்போதே 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். மேலும், தொழிலாளி கேட்பது மலை முழுவதையுமன்று. கடந்த பத்தாண்டுகளில் அரசு கொள்கையளவில் ஏற்றுக்கொண்ட அளவு குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச். ஓர் ஏக்கரில் 160 பேர்ச் உண்டு. ஏழு பேர்ச் என்பது ஒரு சிறு வீட்டுக்கும் அதன் முற்றத்துக்குமே போதுமானது. அதனால் எந்தக் கிராமமும் நிலமிழந்துவிடாது.

இன்னொரு தடை எதிர்த்திசையிலிருந்து வருவது. 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய பிரெடெரிக் ஏங்கெல்ஸ், தொழிலாளிக்குச் சொந்த வீடு கொடுப்பதால் அவன் விடுதலை பெறமாட்டான் என்றார். வீடு அவனை ஓரிடத்திற் கட்டிப்போடும். வேலை தேடி வேறிடம் செல்லும் ஆற்றலை அவன் இழப்பான். குறைந்த கூலிக்கும் இணங்குவான் என்பது அவரது வாதம். இப்பல்கலைக்கழகத்தில் இவ்வாதத்தை ஏற்போர் பலரை நான் அறிவேன். ஐரோப்பியத் தொழிற்பட்டினங்களைப் பொறுத்தவரை இதில் உண்மையிருக்கலாம். தோட்டத்தின் நிலையோ வேறு. அங்கு தொழிலாளியை முதலிற் கட்டிப்போட்டிருப்பதே பிறருக்குச் சொந்தமான கூரைதான். வேலையை விட்டால் வீடு போகும் என்னும் அச்சமே பல குடும்பங்களில் ஒருவரையேனும் கொழுந்து மலையில் நிறுத்திவைத்துள்ளது. கூரையும் கூலியும் வெவ்வேறாகப் பிரிக்கப்படும்போதே அத்தொழிலாளி தன் உழைப்புக்கு விலை பேசும் நிலையை அடைவான். ஆயினும் ஏங்கெல்ஸின் எச்சரிக்கை வீண்போகவில்லை. அது லயத்தைவிட வத்தளை வீட்டுக்கே நன்கு பொருந்துகின்றது. இருபதாண்டுக் கடன் சுமந்த நம் ஆசிரியர், தமக்கு ஒவ்வாத தனியார் வகுப்புகளை இரவு வரை நடத்துகிறார். பணியிடத்தில் அநீதி நேர்ந்தாலும் வாய்திறப்பதில்லை.

இனிக் கடலோரத்தை நோக்குவோம். களனி கங்கையின் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் வத்தளை. மேற்கே கடல், இடையே ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்டன் கால்வாய், வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலம். இங்கு காணி வாங்குபவன் சட்டத்தரணியைக் கொண்டு பழைய பதிவுகளைத் தேடுவிக்கிறான். விற்பவனுக்கு விற்றவன் யார், அவனுக்கு விற்றவன் யார் என முப்பது ஆண்டுகள் வரை பின்னோக்கிச் சென்று, குறையில்லை எனக் கண்டால் நொத்தாரிசின் முன் கையொப்பமிடுகிறான். அவ்வுறுதியை அவன் மலைபோல் நம்புகிறான்.

ஆனால் உறுதியின் உறுதி எத்தகையது? 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் ஏனைய புறநகர்களிலும் எரிக்கப்பட்ட வீடுகளுக்கு முறையான உறுதிகள் இருந்தன. எரித்தோர் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்திருந்தனர் எனப் பலரும் பதிவு செய்துள்ளனர். வீட்டில் வாழ்வோர் யார் என்பதைக் காட்டிய ஆவணமே அவ்வீட்டை இனங்காட்டவும் பயன்பட்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்த பின்னர், தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் மீளக் கட்டலாகாதென முதலில் அறிவிக்கப்பட்டபோது, உறுதி வைத்திருந்தோரும் தம் நிலத்துக்குத் திரும்பவியலாது தவித்தனர். 2007 ஜூன் 7இற் கொழும்பின் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் முந்நூறுக்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றி வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்கால ஆணை பிறப்பித்தது. அன்று சொந்த வீட்டிலிருந்தோர் அனுப்பப்படவில்லை. ஆகவே உறுதி ஒருகால் காக்கும், ஒருகால் காவாது.

இந்நிகழ்ச்சிகள் உணர்த்துவது யாது? வீடு என்பது மூன்றன் சேர்க்கை. முதலாவது நிலத்தின் மீதான உரிமை. இரண்டாவது அவ்வுரிமையைக் காக்கும் அரசில் அங்கம் வகிக்கும் தகுதி. மூன்றாவது நம்மை அயலவராக ஏற்கும் அயல். சந்தையில் விலைக்குக் கிடைப்பது முதலாவது மட்டுமே. மலையகத் தமிழரின் வரலாற்றில் இரண்டாவதே முதலிற் பறிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சமமாகப் பிரிக்கப்பட்டனர். தெல்தோட்டை லயங்களிலிருந்தும் குடும்பங்கள் பிரிந்து சென்றன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை முழுமையாக வழங்கப்பட்டது. வீடற்றிருந்த காலத்தின் ஒரு பகுதியில் அவர்கள் நாடுமற்றிருந்தனர்.

வீடின்மை உயிருக்கே இறுதியாவதும் உண்டு. 2014 ஒக்டோபர் 29இற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டவன் எங்கே போவான்? பதுளை வீதியிலோ பண்டாரவளையிலோ அவனுக்கென ஒரு பேர்ச் நிலமிருந்திருப்பின் போயிருப்பான். இடம்பெயர்வதற்கும் ஓர் இடம் வேண்டும். 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகித் தாழ்ந்த புறநகர்களுட் புகுந்தபோது அங்கிருந்தோரும் துன்புற்றனர் என்பது உண்மை. எனினும் உரிமை உள்ளவன் தன் நிலத்தை விற்கலாம், ஈடு வைக்கலாம், நட்டஈடு கேட்கலாம். லயத்திலிருந்தவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்பலாம். கடலோரத்தில் வீடு வாங்கிய தெல்தோட்டையான் தவறிழைத்தானா? இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக மறுக்கப்பட்டதொன்றைத் தன் சம்பாத்தியத்தால் பெற்றவனைக் குறை கூற எவருக்கும் தகுதியில்லை. தோட்டத்திலேயே இருந்து போராடியிருக்க வேண்டும் என்று அவனுக்கு உபதேசிப்போர் பெரும்பாலும் சொந்த வீட்டிலிருந்தே உபதேசிக்கின்றனர். தவறு வேறொரிடத்தில் நுழைகின்றது. உரிமையாகப் பெறவேண்டியதை ஒருவன் விலைக்கு வாங்கிவிட்ட பின், அது விலைக்கு வாங்கவேண்டிய ஒன்றே என அவன் நம்பத் தொடங்குகிறான். ‘நான் படித்தேன், வாங்கினேன், அவர்கள் குடித்துத் தொலைத்தார்கள்’ என்னும் பேச்சு அந்நம்பிக்கையின் வெளிப்பாடு. இப்பேச்சை நம் விடுதி அறைகளிலும் நான் கேட்டதுண்டு. ஒரு சமூகத்திலிருந்து ஆற்றலுள்ளோர் ஒவ்வொருவராக விலை கொடுத்து வெளியேறுவாராயின், எஞ்சியோரின் கோரிக்கையை எழுதவும் பேசவும் வல்லவர் யார்?

நம் ஆசிரியர் தாமே கூறி வருந்திய நிகழ்ச்சி ஒன்றை இங்கு குறிப்பிடுதல் தகும். கடன் சுமையைக் குறைக்க வீட்டின் மேல் ஓர் அறையைக் கட்டி வாடகைக்கு விட முனைந்தார். முதலில் வந்து கேட்டவன் அவருடைய தோட்டத்து இளைஞன். அதே லயத்தில் மூன்று காம்பரா தள்ளிப் பிறந்தவன். ஆறு மாத முற்பணம் கேட்டார். இரவு எட்டு மணிக்குப் பின் எவரும் வரலாகாதென்றார். சுவரில் ஆணி அடிக்கவும் தம்மைக் கேட்கவேண்டும் என்றார். தோட்டத்துப் பிள்ளைகள் கூட்டம் சேர்ப்பார்கள் என்னும் அச்சம் தமக்கிருந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். இளைஞன் ஒன்றும் கூறாது போய்விட்டான். இவற்றையெல்லாம் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த தாயார், “அந்த வீட்டுக்குத் தொர யாருன்னு இப்பத் தெரிஞ்சிருச்சி” என்றாராம். ஆசிரியர் அவ்விளைஞனைத் தேடிச் சென்றபோது அவன் வேறிடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கொள்ளத்தக்க கடமைகள் மூன்று எனக் கருதுகிறேன். முதலாவது, நமக்குக் கிட்டிய வாய்ப்பை நமது தகுதியின் பயன் மட்டுமே எனக் கொள்ளாதிருத்தல். நம்மைப் படிக்கவைத்த கொழுந்தின் நிறை எவ்வளவு என்பதைக் கணக்கிடுதல் இயலாது, மறவாதிருத்தல் இயலும். இரண்டாவது, நாம் எவ்வகை ஆட்சியிலிருந்து விடுபட்டோமோ அவ்வாட்சியை நம் கூரையின் கீழ் இன்னொருவர் மீது செலுத்தாதிருத்தல். வாடகை பெறுவது குற்றமன்று. இருப்பவனை நாள்தோறும் இசைவு கேட்க வைப்பதே குற்றம். மூன்றாவது, ஏழு பேர்ச் நிலம் என்பதைக் கருணையாகவன்றி உரிமையாக எழுதியும் பேசியும் வருதல். 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட 10,000 இந்திய உதவி வீடுகள் போன்ற திட்டங்கள் வரவேற்கத்தக்கவை. எனினும் வீட்டைத் தந்துவிட்டு நிலத்தின் உறுதியைத் தாமதிப்பின், பழைய இசைவே புதிய கூரையின் கீழ்த் தொடரும். சட்டம் பயின்றோர் உறுதியின் சொற்களைப் பார்க்கட்டும். நிலஅளவை பயின்றோர் எல்லைக் கற்களைப் பார்க்கட்டும். தமிழ் பயின்றோர் அம்மக்களின் விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கட்டும். இவை ஒரு பல்கலைக்கழகத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவையல்ல.

பற்றினை விடுதலே வீடு என்றனர் நம் முன்னோர். உடைமையற்றவனுக்கு அவ்வுபதேசம் பொருந்தாது. விடுவதற்கு முன் ஒன்றைப் பெற்றிருத்தல் வேண்டும். பெற்றவர்களாகிய நமக்கோ அது பொருந்தும். நாம் விடவேண்டுவது வீட்டையன்று. அது நம்முடைய திறமையால் மட்டுமே வந்தது என்னும் செருக்கை.

இன்று மாலையும் தெல்தோட்டைப் பேருந்து வளாகத்தைக் கடந்து செல்லும். வார இறுதியாயின் கொழும்பிலிருந்து திரும்பும் பிள்ளைகள் கையிற் பைகளோடு அதில் நின்றிருப்பர். அவர்களுட் சிலர் ஒரு நாள் கடலோரத்தில் வீடு வாங்குவர், வாங்கட்டும். அவர்கள் மேலே சென்று இறங்கும் இடத்திலும் தம் பெயர் எழுதிய உறுதியொன்று தாய் தந்தையரின் பெட்டியில் இருக்குமாறு செய்தலே நம் தலைமுறையின் பணியாகும்.